இரவில் நிற்கும் மூச்சு: வகைகளும் வைத்தியமும்



குறட்டையைப் பற்றிக் கேலி பேசாத வீடு இல்லை. ஆனால் குறட்டை திடீரென்று நின்று, வீடே நிசப்தமாகி, சில விநாடிகளுக்குப் பின் பெரிய இரைச்சலோடு மூச்சு திரும்புவதை அருகில் படுத்திருந்து கேட்டவர்களுக்கு அது வேடிக்கையல்ல. எங்கள் ஆதரவாளர்களிடமிருந்து வரும் கடிதங்களில் இதைப் பற்றிய கேள்வி அடிக்கடி காணப்படுகிறது. "என் கணவருக்கு இரவில் மூச்சு நின்று நின்று வருகிறது. காலமான உறவினர் ஒருவர் உபயோகித்த மெஷின் எங்களிடம் இருக்கிறது. அதை இவருக்குப் போடலாமா?" என்பது சமீபத்தில் வந்த ஒரு கேள்வி.

ஒரே வார்த்தையில் "ஆம்" என்றோ "இல்லை" என்றோ இதற்குப் பதில் எழுத முடியாது. இரவில் மூச்சு நிற்பது ஒரே வியாதி அல்ல. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும், காரணத்தால் வேறுபட்ட பல நிலைகள் இதில் உண்டு. ஒன்றுக்கு நன்மை செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்குத் தீமை செய்யக்கூடும். ஆகவே இந்த இதழின் பாடமாக இதையே எடுத்துக்கொண்டோம். நாங்கள் மருந்து எழுதுகிறவர்கள் அல்ல. நோயாளிகளின் படுக்கையருகே உட்காருகிறவர்கள். மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை எளிய தமிழில் தருகிறோம்.

1. மூச்சு எப்படி நடக்கிறது?

தோட்டத்துக் கிணற்று மோட்டாரை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பாய மூன்று காரியங்கள் வேண்டும். சுவிட்ச் போடப்பட்டிருக்க வேண்டும். மோட்டார் போதிய வலுவோடு சுற்ற வேண்டும். குழாய் மடங்காமல் இருக்க வேண்டும்.

மூச்சும் அப்படியே. மூளையின் அடிப்பாகத்திலுள்ள சுவாச மையம் சுவிட்ச். உதரவிதானமும் மார்புத் தசைகளும் மோட்டார். மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் ஆகியவை குழாய். விழித்திருக்கும்போது மூன்றும் தாராளமாக வேலை செய்கின்றன. நித்திரையில் தசைகள் தளருகின்றன. மூளையின் கட்டளையும் சற்று மெதுவாகிறது. எங்கே பலவீனம் உண்டோ அங்கே அது இரவில் வெளிப்படுகிறது.

பத்து விநாடிகளோ அதற்கு மேலோ மூச்சுக்காற்று நின்றால் பெரியவர்களில் அதை மூச்சுத் தடை என்று மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். முழுவதும் நிற்பதையும், ஓரளவு குறைந்து இரத்தத்தில் பிராணவாயு இறங்குவதையும் சேர்த்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை என்று எண்ணுகிறார்கள். ஐந்துக்குக் கீழ் சாதாரணம். 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. அதாவது கடுமையான நோயாளிக்கு இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறையாவது மூச்சு தடைப்படுகிறது.

2. குழாய் மடங்கும் வகை

மிகுதியாகக் காணப்படுவது இதுவே. நாக்கின் அடிப்பாகமும் மெல்லண்ணமும் பின்னே சரிந்து தொண்டையை அடைத்துவிடுகின்றன. மூளை கட்டளையிடுகிறது; மார்பும் வயிறும் போராடுகின்றன; காற்று மாத்திரம் போவதில்லை. பிராணவாயு குறைந்ததும் மூளை விழித்துத் தொண்டைத் தசைகளை இறுக்குகிறது. உரத்த இரைச்சலோடு மூச்சு திரும்புகிறது. நோயாளிக்கு இந்த விழிப்பு நினைவில் இருப்பதில்லை. எட்டு மணி நேரம் தூங்கினேன் என்பார்; உண்மையில் நூறு துண்டுகளாக உடைந்த தூக்கம் அது.

உலகில் 30 முதல் 69 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய 93 கோடிப் பேருக்கு லேசான அளவிலாவது இது இருக்கலாம் என்று 2019இல் வெளியான ஒரு கணக்கீடு கூறுகிறது. பருமன், தடித்த கழுத்து, சிறிய பின்தள்ளிய தாடை, மூக்கடைப்பு, தைராய்டு சுரப்புக் குறைவு, மது ஆகியவை இதற்கு வழி செய்கின்றன. நம் நாட்டவர் ஒல்லியாக இருப்பதால் தப்பினோம் என்று எண்ணக் கூடாது. ஆசிய மக்களுக்கு முக எலும்பின் அமைப்பு காரணமாக அதிகப் பருமன் இல்லாமலேயே இது வருவதுண்டு.

அடையாளங்கள்: உரத்த குறட்டை, மூச்சுத் திணறி எழுதல், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுவது, காலைத் தலைவலி, காய்ந்த வாய், பகலில் அடக்க முடியாத தூக்கம், மறதி, எரிச்சல். மூன்று மாத்திரை போட்டும் இறங்காத இரத்த அழுத்தத்துக்குப் பின்னால் பல வேளைகளில் இது ஒளிந்திருக்கிறது. பெண்களில், விசேஷமாக மாதவிடாய் நின்ற பிறகு, குறட்டை அவ்வளவாக இல்லாமல் களைப்பும் தூக்கமின்மையுமாகவே இது தோன்றலாம். "வேலைச் சுமை" என்று அவர்களே அதைத் தள்ளிவிடுகிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. டான்சிலும் அடினாய்டும் பெருத்த பிள்ளை வாயைத் திறந்து தூங்கும், குறட்டை விடும், படுக்கையை நனைக்கும். பகலில் தூங்கி வழியாமல், மாறாக, ஓரிடத்தில் நில்லாமல் துறுதுறுவென்று இருக்கும், படிப்பில் பின்தங்கும். அப்படிப்பட்ட பிள்ளையை அடிக்கு முன்னே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

3. சுவிட்ச் அணையும் வகை

இங்கே தொண்டை திறந்தே இருக்கிறது. மூளையிலிருந்து கட்டளை வருவதில்லை. மார்பும் வயிறும் அசையாமல் அமைதியாகக் கிடக்கின்றன. திணறல் இல்லை, குறட்டையும் பெரும்பாலும் இல்லை. சில விநாடிகளுக்குப் பின் மூச்சு தானாகத் தொடங்குகிறது.

இதன் காரணம் கரியமில வாயுவின் கணக்கில் இருக்கிறது. இரத்தத்தில் அந்த வாயு ஒரு அளவுக்குக் கீழ் போனால், தூங்குகிற மூளை "இப்போது மூச்சு வேண்டாம்" என்று நிறுத்திவிடும். பலவீனமான இருதயம் உள்ளவர்களுக்கு இரத்தம் நுரையீரலிலிருந்து மூளைக்குப் போய்ச் சேரத் தாமதமாகிறது. செய்தி பிந்தி வருவதால் மூளை ஒரு முறை அதிகமாகவும், ஒரு முறை குறைவாகவும் கட்டளையிடுகிறது. மூச்சு படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கி, நின்று, மறுபடியும் ஏறுகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் பணியாற்றிய ஜான் செய்ன் 1818இலும், வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் இதை விவரித்து எழுதினார்கள். இன்றும் அவ்விருவர் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது.

பாரிச வாதம், சிறுநீரகச் செயலிழப்பு, மார்பீன் போன்ற அபின் வகை மருந்துகள் ஆகியவையும் இவ்வகைக்குக் காரணமாகலாம். உயர்ந்த மலைப்பிரதேசங்களுக்குப் போகும் சுகமுள்ளவர்களுக்கும் முதல் சில இரவுகளில் இது வருவதுண்டு.

மரணத் தறுவாயில் உள்ளவர்களிடம் இந்த ஏறி இறங்கும் மூச்சை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். "மூச்சுக்குத் தவிக்கிறாரே, ஏதாவது செய்யுங்கள்" என்று பிள்ளைகள் எங்கள் கையைப் பிடித்து அழுவார்கள். அந்த நேரத்தில் நோயாளி பெரும்பாலும் உணர்வு மங்கியிருக்கிறார். நாம் பார்த்துக் கலங்கும் அளவுக்கு அவர் அதை அனுபவிப்பதில்லை என்றே மருத்துவர்கள் சொல்கிறார்கள். இதைச் சொல்லி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள் என்று அவர்களை உட்கார வைப்போம். நோய் தணிக்க மார்பீன் பெறுகிறவர்களின் குடும்பத்தாரும் இதை வாசித்துப் பயந்து மருந்தை நிறுத்திவிட வேண்டாம். மருத்துவர் அளந்து தரும் அளவில் அது பேருதவி. சந்தேகத்தை அவரிடமே கேளுங்கள்.

4. மோட்டார் வலுவிழக்கும் வகை

மூன்றாவது வகையில் மூச்சு நிற்பதைவிட, இரவு முழுவதும் போதாமல் ஆழமற்று ஓடுகிறது. லோ வோல்டேஜில் ஓடும் மோட்டாரைப் போல. கரியமில வாயு வெளியேறாமல் இரத்தத்தில் தேங்குகிறது. தசைநார் வியாதிகள், முதுகெலும்புக் கோணல், மிகுந்த பருமன் ஆகியவை காரணங்கள்.

ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1836-37இல் எழுதிய பிக்விக் கதையில், எந்த நேரமும் தூங்கி விழும் பருத்த பையன் ஒருவன் வருகிறான். 1956இல் அமெரிக்க மருத்துவர்கள் சிலர், பருமனும் மூச்சுக் குறைவும் பகல் தூக்கமும் சேர்ந்த நோய்க்கு அந்தக் கதையின் பெயரையே சூட்டினார்கள். இந்நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் தொண்டை அடைப்பும் கூடவே இருக்கும்.

இங்கே ஒரு எச்சரிப்பு. பிராணவாயு குறைகிறது என்று கண்டு, வீட்டில் சிலிண்டர் வைத்துத் தாராளமாகக் கொடுத்தால் விரலில் மாட்டும் கருவி நல்ல எண்ணைக் காட்டும். உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டேயிருக்கும். நோயாளி மயக்கத்துக்குள் போகலாம். மருத்துவர் சொல்லாமல் பிராணவாயு கொடுக்கக் கூடாது.

5. இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாதவை

குறட்டை உள்ள எல்லாருக்கும் வியாதி இல்லை. மூச்சு நிற்காமல், பகல் தூக்கமும் இல்லாமல் சீராகக் குறட்டை விடுகிறவர்கள் அநேகர்.

"இரவில் ஏதோ மார்பில் ஏறி அமுக்குகிறது, பேயை ஓட்ட ஜெபியுங்கள்" என்று கேட்டு எங்களிடம் வருகிறவர்கள் உண்டு. அமுக்குவான் பேய் என்று கிராமங்களில் சொல்வது பெரும்பாலும் தூக்க முடக்கம். மனம் விழித்துவிட்டது, உடல் இன்னும் கனவு நேரத்துத் தளர்ச்சியிலிருந்து விடுபடவில்லை. கைகால் அசையாது, மூச்சு நடந்துகொண்டே இருக்கிறது. சிறிது நேரத்தில் தானாக விலகும். ஆனால் அப்படிச் சொல்கிறவர்களில் சிலருக்கு உண்மையிலேயே தொண்டை அடைப்பு இருக்கும். ஆகவே அவர்களோடு ஜெபிக்கிறோம்; அத்துடன், பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள் என்றும் அனுப்புகிறோம்.

படுத்த சில மணி நேரத்தில் மூச்சிரைத்து எழுந்து உட்கார்ந்தால் அது ஆஸ்துமாவாகவோ இருதய பலவீனமாகவோ இருக்கலாம். அதற்கு உடனே மருத்துவ உதவி வேண்டும்.

6. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் சாட்சி பக்கத்தில் படுப்பவர். நோயாளிக்கே தெரியாததை அவர் அறிவார். மருத்துவரிடம் போகுமுன் இரண்டு இரவுகள் இவற்றைக் கவனித்து எழுதுங்கள்: மூச்சு நிற்கும்போது மார்பும் வயிறும் போராடுகின்றனவா, அசையாமல் இருக்கின்றனவா? குறட்டை எந்தப் பக்கம் படுத்தால் அதிகம்? மூச்சு திடீரென்று இரைச்சலோடு திரும்புகிறதா, மெள்ள ஏறி வருகிறதா? இப்போது எல்லாரிடமும் கைப்பேசி உண்டு. இரண்டு நிமிடம் படம் பிடித்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

பகல் தூக்கத்தை அளக்க ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மருத்துவர் மர்ரே ஜான்ஸ் 1991இல் வெளியிட்ட எட்டுக் கேள்விகள் இன்றும் பயன்படுகின்றன. வாசிக்கையில், கூட்டத்தில் உட்கார்ந்திருக்கையில், வண்டியில் போகையில் தூங்கிவிடும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தம் 24. பத்துக்கு மேல் போனால் பரிசோதனை தேவை.

வீட்டிலேயே செய்யும் சிறு பரிசோதனை தொண்டை அடைப்பு வகைக்கு அநேகமாகப் போதும். இருதய நோய், பாரிச வாதம், தசை நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும் அபின் வகை மருந்து எடுப்பவர்களுக்கும் ஆஸ்பத்திரியில் ஒரு இரவு தங்கிச் செய்யும் முழுப் பரிசோதனையே சரி. மூளை அலை, மார்பசைவு, காற்றோட்டம், பிராணவாயு எல்லாம் ஒரே நேரத்தில் பதிவாவதால் எந்த வகை என்று பிரித்தறிய முடியும்.

7. வைத்தியம் வகைக்கேற்ப

தொண்டை அடைப்புக்கு: 1981 வரை கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிடுவதே நிச்சயமான வழியாக இருந்தது. அந்த ஆண்டில் சிட்னி மருத்துவர் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும், மூக்கின் வழியே மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கலாம் என்று ஐந்து நோயாளிகளில் காட்டினார்கள். அதுவே இன்றைய சிபாப் கருவி. அது நோயை நீக்குவதில்லை. போட்ட இரவில் வேலை செய்யும், போடாத இரவில் செய்யாது. 2,717 இருதய, பாரிச வாத நோயாளிகளை வைத்து நடந்து 2016இல் வெளியான ஆய்வில், இக்கருவி மாரடைப்பையும் பாரிச வாதத்தையும் குறைத்ததாகக் காணப்படவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அதை உபயோகித்தார்கள். பகல் தூக்கம் குறைந்தது, மனச்சோர்வும் குறைந்தது. வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த விழிப்பே உயிர் காக்கும் காரியம்.

எடை குறைப்பது பெரும்பலன் தரும். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் தடைகளின் எண்ணிக்கை சுமார் நான்கில் ஒரு பங்கு குறைகிறது என்று அமெரிக்காவில் விஸ்கான்சின் மக்களிடையே செய்த ஆய்வு 2000இல் காட்டியது. பருமனோடு கூடிய நடுத்தர, கடுமையான நோய்க்கு டிர்செபடைடு என்னும் ஊசி மருந்தை அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 2024 டிசம்பரில் அனுமதித்தது. பக்கவாட்டில் படுப்பது, மதுவையும் தூக்க மாத்திரையையும் விடுவது, மூக்கடைப்பைக் கவனிப்பது எல்லாருக்கும் உதவும். லேசான நோய்க்கு, கீழ்த்தாடையை முன்னே இழுத்து வைக்கும் பல் கருவி உண்டு. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு அறுவை சிகிச்சை.

சுவிட்ச் அணையும் வகைக்கு: முதலில் மூல காரணத்துக்கே வைத்தியம். இருதய மருந்துகளைச் சரிசெய்தல், அபின் வகை மருந்தின் அளவைப் பார்த்தல், மலையிலிருந்து இறங்குதல். சுவாசத்துக்குத் தக்கபடி தானே அழுத்தத்தை மாற்றும் ஒரு நவீனக் கருவி இவ்வகையினருக்கு வரப்பிரசாதம் என்று நம்பினார்கள். இருதயத்தின் பம்பு வலிமை 45 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள 1,325 பேரிடம் அதைச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. எண்ணிக்கையில் மூச்சுத் தடைகள் நன்றாகக் குறைந்தன; ஆனால் கருவி போட்டவர்களில் இருதய மரணங்கள் நூற்றுக்கு 24 என்பதிலிருந்து 30 ஆக ஏறியிருந்தன. பிற்பாடு வேறொரு கருவியைக் கொண்டு நடந்த ஆய்வில் அந்த ஆபத்து தோன்றவில்லை. ஆயுள் கூடியதாகவும் தெரியவில்லை. எண் நன்றாயிருந்தால் நோயாளி நன்றாயிருக்கிறார் என்று கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

மோட்டார் வலுவிழக்கும் வகைக்கு: உள்ளிழுக்கையில் அதிகமும் வெளிவிடுகையில் குறைவுமாக இரண்டு அழுத்தம் தரும் பைபாப் கருவி. பருமனால் வந்ததென்றால் சிலருக்குச் சிபாப் போதும், எடைக்குறைப்பு கட்டாயம்.

8. கைமாறும் கருவி

இனி அந்தக் கடிதத்துக்கு வருவோம். பழைய மெஷினைத் தூக்கிப்போட மனம் வராததும், இல்லாதவருக்குக் கொடுக்க விரும்புவதும் நல்ல குணமே. ஆனால் அந்தக் கருவி காலமானவரின் தொண்டைக்கு அளந்து வைத்த அழுத்தத்தில் இருக்கிறது. உங்கள் கணவருக்கு எந்த வகை என்றே இன்னும் தெரியாது. அவருக்கு இருதய பலவீனம் இருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. முதலில் பரிசோதனை. மருத்துவர் இந்தக் கருவியே ஏற்றது என்றால், புதிய மாஸ்க், புதிய குழாய், புதிய வடிகட்டி வாங்கி, அழுத்தத்தை மாற்றி அமைத்த பிறகே உபயோகிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து பழைய கருவி அனுப்பும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சத்தத்தைத் தணிக்கக் கருவிக்குள் வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சில் கலக்கலாம் என்று, 2021 ஜூனில் ஒரு நிறுவனம் இலட்சக்கணக்கான கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அனுப்புமுன் மாடலையும் வரிசை எண்ணையும் சரிபாருங்கள்.

இன்னொன்று: கருவி வாங்கிக் கொடுப்பதோடு உதவி முடிவதில்லை. முதல் மாதத்தில் மாஸ்க் மூக்கை உறுத்தும். காற்று கண்ணில் அடிக்கும். கரண்ட் போனால் நின்றுவிடும். அந்த நாட்களில் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்து மாஸ்க்கைச் சரிசெய்தால் நோயாளி தொடர்ந்து போடுவார். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அது அலமாரிக்குப் போகும்.

9. வீட்டிலும் சபையிலும் செய்யத்தக்கவை

ஆராதனையில் தூங்குகிறவரைச் சோம்பேறி என்றோ பக்தியற்றவர் என்றோ சொல்லுமுன், அவர் மனைவியிடம் இரவில் மூச்சு நிற்கிறதா என்று விசாரியுங்கள்.

லாரி, பஸ், வேன் ஓட்டுகிறவர் உங்கள் குடும்பத்தில் இருந்து, பகலில் தூங்கி விழுந்தால், பரிசோதனை முடியும்வரை ஓட்ட விடாதீர்கள்.

எந்த ஆபரேஷனுக்கு முன்னும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் "இவருக்கு இரவில் மூச்சு நிற்கிறது" என்று சொல்லுங்கள். கருவி இருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கூடவே கொண்டுவாருங்கள்.

தூக்கம் வரவில்லை என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, விழிக்கவேண்டிய மூளையை அது விழிக்கவிடாமல் செய்யலாம்.

கலந்துரையாடச் சில கேள்விகள்

1. மூச்சு நிற்கும்போது மார்பு போராடுவதும் அசையாதிருப்பதும் நமக்கு எதைத் தெரிவிக்கின்றன?
2. விரலில் மாட்டும் கருவியின் நல்ல எண் எந்த வகையில் நம்மை ஏமாற்றக்கூடும்?
3. நம் குடும்பத்தில் பகலில் தூங்கி வழிகிறவர் யார்? இந்த வாரத்தில் இரண்டு இரவுகள் அவருடைய மூச்சைக் கவனித்து எழுதப்போகிறவர் யார்?

மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயரை எழுதிவிட்டு இந்தப் பக்கத்தை மடியுங்கள்.